ஈகோ பட்டன் மைலேஜ் பட்டன் இல்லை

"அண்ணே, வாங்குன நாள்ல இருந்து ஈகோவுலதான் ஓட்டுறேன். லிட்டருக்குப் பதிமூணு தாண்ட மாட்டேங்குது. எஞ்சின்ல என்னமோ கோளாறு, கழட்டிப் பாருங்க."

மதுரையில் எங்கள் சர்வீஸ் கவுண்டரில் இந்த வசனம் கேட்காத வாரம் இல்லை. ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தால் எரர் ஒன்றும் இருக்காது. டயரில் காற்று 24 பிஎஸ்ஐ-தான் நிற்கும். மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலுக்குக் கொண்டுபோன அண்டா, சித்திரைத் திருவிழா முடிந்தும் டிக்கியை விட்டு இறங்கியிருக்காது. டேஷ்போர்டில் மட்டும் 'ஈகோ' என்று பச்சையாக எரிந்துகொண்டிருக்கும். அந்தப் பச்சை விளக்கு கொடுக்கும் தெம்பில் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். எரிச்சல் அதனால்தான் வருகிறது.

ஈகோ என்பது வண்டி எப்படி ஓட வேண்டும் என்று பட்டனால் தேர்ந்தெடுக்கும் மோடுகளில் ஒன்று, சிக்கன மோடு. கம்பெனிக்குக் கம்பெனி மோடுகளின் பெயர் மாறும். டாடா நெக்ஸானில் ஈகோ, சிட்டி, ஸ்போர்ட். மஹிந்திரா எக்ஸ்யூவி700 டீசலில் ஜிப், ஜாப், ஜூம். இன்னோவா கிரிஸ்டாவில் ஈகோ, பவர் என்று இரண்டு பட்டன். பெயர் எதுவானாலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

நடக்கவே நடக்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஈகோ போட்டால் எஞ்சினுக்குப் பெட்ரோல் குறைவாகப் போகும், அதே வேகத்தில் அதே வண்டி குறைவாகக் குடிக்கும் என்று நினைக்கிறார்கள். கிடையாது.

வீட்டுக் குழாயை வைத்துப் பாருங்கள். பழைய குழாய், கால் திருகலில் தண்ணீர் பீச்சி அடிக்கும். அதைக் கழற்றிவிட்டு, ஒரு முழுத் திருகு திருகினால்தான் அதே அளவு வருகிற புதுக் குழாயை மாட்டுகிறீர்கள். குடம் நிரம்ப எத்தனை லிட்டர் வேண்டும்? அன்றைக்கு எவ்வளவோ இன்றைக்கும் அவ்வளவுதான். குழாயை மாற்றியதால் குடம் சிறுக்கவில்லை. ஆனால், எப்போதும் படாரென்று திறந்து வாசலெல்லாம் சிந்துகிற ஆளுக்குப் புதுக் குழாயில் சிந்துவது குறையும். முன்பே பதமாகத் திறந்தவருக்கு ஒரு சொட்டும் மிச்சமில்லை.

ஆக்சிலேட்டரும் அப்படித்தான். இப்போதைய கார்களில் மிதிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கேபிள் கிடையாது, ஒயர்தான். நீங்கள் எவ்வளவு மிதித்தால் எஞ்சின் எவ்வளவு முறுக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். ஈகோவில் அந்தக் கணக்கு மந்தம், ஸ்போர்ட்டில் சுறுசுறுப்பு. நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலத்தில் 7.3 கிலோமீட்டரும் ஒரே சீராக 60-ல் போனால், அந்த 60-ஐத் தக்கவைக்கத் தேவையான சக்தி எந்த மோடிலும் ஒன்றுதான். ஈகோவில் கால் கொஞ்சம் ஆழமாக இறங்கும், ஸ்போர்ட்டில் கொஞ்சம் மேலே நிற்கும். கியர் ஒன்றாக இருக்கிற வரைக்கும் செலவும் ஒன்றுதான்.

அந்தக் கியர்தான் விஷயம். ஆட்டோமேட்டிக் வண்டியில் ஈகோ போட்டால் மேல் கியருக்குச் சீக்கிரம் ஏறும், கீழ் கியருக்கு இறங்க யோசிக்கும். ஸ்போர்ட்டில் கியரைப் பிடித்துவைத்து ஆர்பிஎம்-ஐ, அதாவது எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றை, மேலேயே வைத்திருக்கும். கோரிப்பாளையம், சிம்மக்கல் நெரிசலில் ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவருக்கு ஈகோவால் நிஜமாகவே பலன் உண்டு, மறுக்கவில்லை. மேனுவல் கியர் வண்டியில் கியர் போடுவது உங்கள் கை. அங்கே ஈகோ என்பது மந்தமான ஆக்சிலேட்டர் மட்டும். மூன்றாவது கியரிலேயே ஊரைச் சுற்றினால் எந்தப் பட்டனும் காப்பாற்றாது. அதற்காக 35 வேகத்தில் ஐந்தாவது கியர் போட்டு எஞ்சினைத் திணறவிடுவதும் சிக்கனம் இல்லை. சின்ன டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் குறைந்த ஆர்பிஎம்-ல் அழுத்தி மிதிப்பது பிஸ்டனுக்கே ஆகாது. உறுமினால் ஒரு கியர் குறையுங்கள்.

ஈகோ கை வைக்கிற இன்னொரு இடம் ஏசி. பல கார்களில் கம்ப்ரசரை அடிக்கடி நிறுத்தி நிறுத்தி ஓட்டும். அக்னி நட்சத்திர மதியத்தில் மாட்டுத்தாவணி பார்க்கிங்கில் வெந்து கிடந்த வண்டியை எடுத்து, ஈகோவோடு 18 டிகிரி வைத்தால் குளிர நேரமாகத்தான் செய்யும். உடனே "கேஸ் தீந்துபோச்சு, கேஸ் போடுங்க." ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீருகிற பொருள் இல்லை. எங்காவது கசிந்தால்தான் குறையும். பிரஷர் சரியாக இருக்கிற வண்டியில் மேலும் கேஸ் ஏற்றினால் குளிர்ச்சி கூடாது, குறையும். கேட்டதும் ஏற்றிவிட்டுக் காசு வாங்குகிற கடைகளும் இருக்கின்றன, அது தனிக் கதை. நார்மலுக்கு மாற்றி, நான்கு கண்ணாடியையும் இறக்கி இரண்டு நிமிடம் ஓட்டி, சூட்டை வெளியே தள்ளிவிட்டு ஏசியைப் போடுங்கள். அப்புறமும் குளிராவிட்டால் வாருங்கள்.

வேகத்தைப் பற்றிப் பேச ஒருவரும் தயாரில்லை. காற்று எதிர்த்துத் தள்ளுகிற விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-ல் போவதைவிட 110-ல் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. கப்பலூர் டோல்கேட் தாண்டியதும் நாலுவழிச் சாலை காலியாகக் கிடக்கிறதென்று 110-ல் பிடித்து, ஈகோ போட்டிருக்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்கு 110-ல் போய் மிச்சம் பிடிப்பது சுமார் பத்து நிமிடம். விருதுநகரில் ஒரு எண்ணெய் புரோட்டா ஆர்டர் பண்ணிக் காத்திருக்கும் நேரம்.

ஈகோ போதாதென்று இறக்கத்தில் நியூட்ரல் போடும் கூட்டம் தனி. தயவுசெய்து வேண்டாம். கியரில் இருக்கும்போதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. இன்ஜெக்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலுக்குத் தள்ளினால் எஞ்சின் அணையாமல் இருக்க மறுபடி பெட்ரோல் ஊற்ற வேண்டும், மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. சந்தேகமானால், நடப்பு மைலேஜ் காட்டும் மீட்டர் உள்ள வண்டியில், ஆளில்லாத சமதள ரோட்டில் பக்கத்தில் உட்காருகிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கியரில் காலை எடுத்ததும் முள் உச்சிக்குப் போகும், நியூட்ரலில் இறங்கும். சிக்கனம் என்று நினைத்துச் செய்வது செலவு. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வரைக்கும் அப்படி இறங்கினால் எஞ்சின் பிடிப்பு இல்லாமல் பிரேக் மட்டுமே வண்டியைச் சுமக்கும். பேட் கருகி வாசம் வரும், மிதித்தாலும் பிடிக்காது. எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான்: பிரேக்கை லேசாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

மலை ஏற்றத்திலும் ஈகோவை விடுங்கள். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் சரி, சிறுமலையின் 18-லும் சரி, ஈகோவில் வண்டி மேல் கியரில் திணறும். நீங்கள் மேலும் மிதிப்பீர்கள், அது கீழே இறங்கும், வளைவு முடிந்ததும் மறுபடி மேலே ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தில் கியர்பாக்ஸ் சூடாவதுதான் மிச்சம். நார்மல் அல்லது ஸ்போர்ட், இல்லாவிட்டால் மேனுவல் முறையில் இரண்டு, மூன்று என்று நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். இறங்கும்போதும் அப்படியே.

இருவழிச் சாலையில் ஓவர்டேக் செய்யும்போதும் கவனம். ஈகோவிலும் அடிவரை அழுத்தினால் பெரும்பாலான வண்டிகள் முழுச் சக்தியைக் கொடுக்கும். ஆனால் ஒரு கணம் யோசித்துவிட்டுக் கொடுக்கும். எதிரே தனியார் பஸ் வரும்போது அந்த ஒரு கணம் உங்கள் கையில் இருக்காது. லாரியின் பின்னால் இருக்கும்போதே மோடை மாற்றிவிட்டு அப்புறம் வெளியே வாருங்கள். ஓடும்போது மாற்றினால் கியர்பாக்ஸ் கெடும் என்பது புரளி. ஈகோ, நார்மல், ஸ்போர்ட் மூன்றையும் ஓட்டத்திலேயே மாற்றலாம்.

டீசல்காரர்கள் கொஞ்சம் நின்று படியுங்கள். பிஎஸ்6 புகை விதி வந்த 2020-லிருந்து உங்கள் வண்டிப் புகைக்குழாயில் டிபிஎஃப் என்று ஒரு கரி வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது தானே எரித்துக்கொள்ளும், ஆனால் அதற்கு 600 டிகிரி வாக்கில் சூடு வேண்டும். அண்ணா நகரிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து காய்கறி மார்க்கெட், எப்போதும் ஈகோ, எப்போதும் 1,400 ஆர்பிஎம். சூடு எங்கிருந்து வரும்? பாதி எரியும்போதே வண்டியை அணைத்துவிடுவீர்கள். எரிப்பதற்காக ஊற்றிய டீசல் ஆயிலில் போய்ச் சேரும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் தானாக ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது டீசல். டிபிஎஃப் விளக்கு எரிந்தால் அன்றைக்கே ரிங் ரோட்டில் ஏறி, ஸ்போர்ட்டிலோ ஒரு கியர் குறைத்தோ, 2,000 ஆர்பிஎம்-க்குக் குறையாமல், 60-க்கு மேல், நிறுத்தாமல் பதினைந்து இருபது நிமிடம் ஓட்டுங்கள். விளக்கு அணைந்துவிடும். பிளாஸ்டர் ஒட்டி விளக்கை மறைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு வடிகட்டியே மாற்ற வேண்டிவரும், அந்தப் பில்லில் பல வருஷத்து டீசல் மிச்சம் கரைந்துபோகும்.

மைலேஜ் கேட்டு வருவதற்கு முன் வீட்டிலேயே முடிகிற வேலை கொஞ்சம் உண்டு. காலையில், வண்டி சூடாவதற்கு முன், காற்று பாருங்கள். எவ்வளவு என்று டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் சொல்லும், பங்க்கில் இருக்கும் தம்பி சொல்வதில்லை. டிக்கியைக் காலி செய்யுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் பிரேக் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. ஏர் ஃபில்டர், பிளக் எல்லாம் சர்வீஸில் பார்ப்பதுதான்.

பிரசுரத்தில் போட்டிருக்கும் மைலேஜோடு ஒப்பிட்டுச் சண்டைக்கு வராதீர்கள். அது ஆய்வகத்தில் உருளைமேல் ஓட்டி எடுத்த எண், அதில் அதிகபட்ச வேகமே 90. போதாததற்கு இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்குச் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அதற்கு ஈகோவும் பொறுப்பில்லை, நாங்களும் இல்லை.

மீட்டர் காட்டும் சராசரியையும் அப்படியே நம்ப வேண்டாம். பம்ப் தானாக நிற்கும் வரை, அதாவது ஆட்டோ கட் ஆகும் வரை, நிரப்புங்கள், அதற்கு மேல் 'ரவுண்டா போடுங்க' வேண்டாம். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். முந்நூறு, நானூறு கிலோமீட்டர் வழக்கம்போல ஓட்டிவிட்டு, அதே பங்க்கில், முடிந்தால் அதே பம்பில், மறுபடி ஆட்டோ கட் வரை. ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது தடவை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் மைலேஜ். ஒரு தடவை ஈகோவில், ஒரு தடவை நார்மலில் செய்து பாருங்கள். இரண்டு பில்லையும் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம். பில்லின் பின்பக்கம் லிட்டரையும் கிலோமீட்டரையும் பேனாவால் எழுதிவிடுங்கள். மதுரை வெயிலில் டேஷ்போர்டில் கிடந்தால் அந்த அச்சு இரண்டே நாளில் ஒன்றும் தெரியாமல் போய்விடும்.