ஊத்தாங் நா லோஓப்: பொருள், வேர், தமிழ்ச்சொல்

பிலிப்பைன்ஸில் ஒருவரை நோகடிக்க இரண்டு வசவுகள் போதும். ஒன்று "வாலாங் ஹியா", அதாவது வெட்கங்கெட்டவன். இன்னொன்று "வாலாங் ஊத்தாங் நா லோஓப்", நன்றி கெட்டவன். இரண்டாவதுதான் அதிகம் சுடும். அதிலிருக்கும் 'ஊத்தாங் நா லோஓப்' என்ற தொடர் அந்த மக்களின் ஒழுக்க உணர்வுக்கு நடுத்தூண் மாதிரி.

பிலிப்பைன்ஸின் முக்கிய மொழியான தகாலோக்கில் 'ஊத்தாங்' என்றால் கடன். மலாயில் இதுவே 'ஹூத்தாங்'; மலேசியத் தமிழர்களுக்குக் கடைப் பேச்சில் பழகிய சொல். 'நா' வெறும் இணைப்பு. கனமெல்லாம் 'லோஓப்' என்பதில் இருக்கிறது. வீட்டுக்கு உள்ளே, பைக்கு உள்ளே என்று சொல்லவும் அதே சொல்தான். மனம், விருப்பம், நெஞ்சுரம் எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். 'லாகாஸ் நங் லோஓப்' என்றால் துணிவு. 'சாமா நங் லோஓப்' என்றால் மனத்தாங்கல். உள் என்ற வேரிலிருந்து நமக்கு உள்ளம் வந்த வழியிலேயே அவர்களும் போயிருக்கிறார்கள்.

பணக்கடனை எண்ணிக் கொடுத்துவிடலாம். நம் மொய்யையும் நோட்டில் பார்த்துத் திருப்பிச் செய்துவிடலாம். ஊத்தாங் நா லோஓப்புக்குக் கணக்கு கிடையாது. ஹாங்காங்கில் வீட்டுவேலை பார்க்கும் அக்கா அனுப்பிய பணத்தில் தம்பி படிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வேலைக்குப் போனதும் அவன் அக்காவுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதில்லை. அடுத்த தங்கையைப் படிக்க வைப்பான், அக்கா பிள்ளைகளுக்குத் துணையாக நிற்பான். கடன் அடைவதில்லை, குடும்பத்துக்குள் கைமாறிக்கொண்டே இருக்கும். உதவியவருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: செய்ததைச் சொல்லிக்காட்டக் கூடாது. சொல்லிக்காட்டுவதற்குத் தகாலோக்கில் 'சும்பாத்' என்று தனிச்சொல்லே இருக்கிறது. நன்றி மறப்பது போலவே அதுவும் அசிங்கம்.

ஸ்பானியர்கள் 1565-இல் குடியேற்றம் தொடங்கி 1898 வரை ஆண்டார்கள். கத்தோலிக்க சமயம் அவர்களோடு வேரூன்றியது. 2020 கணக்கெடுப்பில் மக்களில் ஏறக்குறைய 79 விழுக்காட்டினர் கத்தோலிக்கர். ஆனால் மதம் பரப்ப வந்த துறவிகள் கடவுளைப் பற்றிப் பேச மக்களின் சொல்லைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. 1593-இல் மணிலாவில் அச்சான மறைக்கல்வி நூலிலேயே, "உமது திருவுளம் நிறைவேறுக" என்று நாம் ஜெபிக்கும் இடத்தில் 'லோஓப்' நிற்கிறது. இங்கே திருவுளம், அங்கே லோஓப். இரண்டுக்கும் அடியில் அதே 'உள்'. எனக்கு இது பெரிய வியப்பு.

அப்புறம் ஞானப்பெற்றோர் வழக்கம். குழந்தையின் ஞானஸ்நானத்தில் நிற்கும் நினோங்கும் (ஞானத்தந்தை) நினாங்கும் (ஞானத்தாய்) ஆயுள் உறவுகள். கிறிஸ்துமஸ் நாளில் பிள்ளைகள் அவர்கள் வீட்டுக்குப் போய், பெரியவர் கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் வைத்து "மானோ போ" என்று ஆசி வாங்குவார்கள், பரிசும் கிடைக்கும். பழைய உறவுக்கடன், சமயச் சடங்கின் வழியே ரத்த உறவைத் தாண்டிப் பரவியது இப்படித்தான்.

இதற்கு இருண்ட பக்கமும் உண்டு. ஊர்த் தலைவர் மருத்துவச் செலவைக் கொடுக்கிறார், சாவு வீட்டுக்கு உதவுகிறார், திருமணத்துக்கு நினோங்காக நிற்கிறார். தேர்தலில் அந்தக் குடும்பத்தின் வாக்கு அவருக்கே. அவர் தவறு செய்தது தெரிந்தாலும் வாய் திறக்க மனம் வராது. இதை ஊழல் என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது சரியில்லை. நல்ல குணம் ஒன்றைத்தான் அவர் பிடித்து ஆட்டுகிறார்.

அமெரிக்க மானிடவியலாளர் சார்ல்ஸ் காட் 1961-இல் இதை ஒருவகை ஒப்பந்தக் கடப்பாடு என்று விளக்கினார். 1970-களில் பிலிப்பினோ உளவியலை வளர்த்த விர்ஜிலியோ என்ரிக்கேஸ் அந்தக் கொடுக்கல் வாங்கல் பார்வையை ஏற்கவில்லை. அவருக்கு இது 'காப்வா', அதாவது பிறரைத் தன்னில் ஒருவராகக் காணும் உணர்விலிருந்து பிறக்கும் நன்றி. நான் என்ரிக்கேஸ் பக்கம். ஒப்பந்தம் என்றால் முடிவு இருக்க வேண்டும், இதற்கு முடிவில்லை. மலாய்ப் பழமொழி ஒன்றும் இதையே சொல்கிறது: பொற்கடனைத் தீர்க்கலாம், 'புடி'க் கடன், அதாவது பெற்ற நன்மைக்கான கடன், சாகும்வரை கூட வரும். அந்தப் 'புடி' நம் 'புத்தி'யின் உறவு. இரண்டும் வடமொழி வழி வந்தவை. தகாலோக்கில் அதுவே 'புதி' என்று ஆகி, மனச்சாட்சியைக் குறிக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'உள்ளக்கடன்'. புரியும், ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'நன்றிக்கடன்' என்பதே நல்ல தேர்வு. தமிழில் கடன் என்றால் வாங்கிய பணம் மட்டுமல்ல, கடமையும்தான். ஆகவே ஊத்தாங்கை விட நம் சொல் இந்த இடத்துக்குக் கூடுதலாகவே பொருந்துகிறது. 'செய்ந்நன்றி' என்று மட்டும் எழுதினால் செய்த உதவி தெரியும், தீராத கட்டு தெரியாது.

மேலே சொன்ன அரசியல் பொருளில் வரும்போது மட்டும் 'செஞ்சோற்றுக்கடன்' என்று எழுதலாம். துரியோதனன் பக்கம் தர்மம் இல்லை என்று தெரிந்தும் கர்ணன் அவனை விட்டு வராததற்கு நாம் வைத்திருக்கும் பெயர் அது. தாய்க்கும் அக்காவுக்கும் பட்ட கடனுக்கு அந்தச் சொல்லைப் போடக் கூடாது, அங்கே நன்றிக்கடன்தான்.