எண்ணிம எழுத்தறிவு: விரலில் பிறந்த சொல்

அக்கா மகன் பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கிறான். மாதிரித் தேர்வுக்காகப் பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் ஒன்றை வெள்ளைத்தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தான். பைத்தானில் வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளி முக்கியம். தப்பினால் நிரல் ஓடாது. கணினியில் அதற்கு விசை இருக்கிறது. தாளில் என்ன செய்வது? ஆள்காட்டி விரலைத் தாளின்மேல் வைத்து, அந்த அகலம் விட்டு அடுத்த வரியைத் தொடங்கினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமிழில் எண்ணிம எழுத்தறிவு என்று நான் சொல்லும் ‘டிஜிட்டல் லிட்டரசி’யில் உள்ள ‘டிஜிட்டல்’ என்ற சொல்லே விரலிலிருந்து வந்ததுதான்.

லத்தீனில் ‘டிஜிட்டஸ்’ என்றால் விரல். விரல்விட்டு எண்ணிய பழக்கத்தால் பத்துக்கு உட்பட்ட எண்களுக்கு ‘டிஜிட்’ என்று பெயர் வந்தது. எல்லாவற்றையும் எண்ணாக்கிக் கணக்குப் போடும் கருவிகள் 20ஆம் நூற்றாண்டில் வந்தபோது ‘டிஜிட்டல்’ அவற்றுக்கு அடைமொழியாயிற்று.

‘லிட்டரசி’யின் வேர் ‘லிட்டெரா’, அதாவது எழுத்து. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எழுத்தறியாமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 17ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது; எழுத்தறிவைக் குறிக்கும் சொல் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது. இல்லாமைக்கு முதலில் பெயர் வைத்திருக்கிறார்கள்! நம்மிடமும் அதற்குச் சுருக்கென்று தைக்கிற சொற்கள் உண்டு: தற்குறி, கைநாட்டு. எழுதத் தெரியாதவர் பத்திரத்தில் பெருவிரலை உருட்டினார். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. (இன்று ரேஷன் கடையில் பட்டம் வாங்கியவரும் விரல்தான் வைக்கிறார். அது வேறு கதை.)

இரண்டு சொற்களையும் சேர்த்து ‘டிஜிட்டல் லிட்டரசி’யைப் பரவலாக்கியது, 1997இல் அமெரிக்க எழுத்தாளர் பால் கில்ஸ்டர் அதே தலைப்பில் எழுதிய நூல். விசைகளைத் தட்டுகிற பழக்கத்தை அவர் பெரிதாக எண்ணவில்லை. திரையில் வரும் தகவலைப் புரிந்துகொண்டு, எடைபோட்டு, பயன்படுத்துவதையே இந்தச் சொல்லால் குறித்தார்.

தமிழில் இதற்கு நாலைந்து சொற்கள் உலவுகின்றன. ‘கணினி அறிவு’ எளிமையானது; ஆனால் இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது கணினியே இல்லை, செல்பேசி. ‘மின்னணு எழுத்தறிவு’ பொருந்தாது. மின்னணு என்பது எலெக்ட்ரானிக்ஸ். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவும் மின்னணுக் கருவிதான், டிஜிட்டல் அல்ல. இலங்கையில் ‘இலக்கமுறை’ என்பார்கள். தொலைபேசி எண்ணையே ‘தொலைபேசி இலக்கம்’ என்று சொல்லும் ஊரில் அது இயல்பாக ஒட்டிக்கொள்கிறது. ‘எண்ம’ என்று சுருக்கலாம்தான். ஆனால் எண்பது, எண்திசை போல ‘எண்’ எட்டையும் குறிக்கும், எட்டை அடியாகக் கொண்ட ‘ஆக்டல்’ எண்முறையோடு குழம்பும். ஆகவே ‘எண்ணிம’ என்பதற்கே என் வாக்கு. செயற்கையாகத் தோன்றுகிறதா? ‘கணினி’யும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது.

பின்பாதியில் ‘அறிவு’ என்று மட்டும் வைக்காமல் ‘எழுத்தறிவு’ என்றே சொல்ல வேண்டும் என்பேன். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 7 வயதும் அதற்கு மேலும் ஆன ஒருவருக்கு ஏதேனும் ஒரு மொழியில் புரிந்துகொண்டு படிக்கவும் எழுதவும் தெரிந்திருந்தால்தான் அவர் எழுத்தறிவு பெற்றவர். படிக்க மட்டும் தெரிந்தால் கணக்கில் வரமாட்டார். இதே அளவுகோலைச் செல்பேசிக்கு வைத்துப் பாருங்கள். நாள் முழுக்கக் காணொளிகளைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறவர் எந்தப் பக்கம்? நிபந்தனைகளைப் படிக்காமல் ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானில் பெருவிரலை வைப்பது புதுக் கைநாட்டு இல்லாமல் வேறென்ன?

இன்னொரு காரணமும் உண்டு. எழுத்தறிவுக்கென்று கால அட்டவணையில் தனிப் பாடவேளை கிடையாது. கணக்கிலும் வரலாற்றிலும் அறிவியலிலும் அது ஊடும் பாவுமாக ஓடுகிறது. எண்ணிம எழுத்தறிவும் அப்படித்தான் ஓடவேண்டும். தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய பாடநூல்கள் அதற்கு முயன்றன. கணக்குப் புத்தகத்தில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பெட்டி இருக்கும்: உரலி (இணைய முகவரி), விரைவுக் குறியீடு (கியூஆர்), படிப்படியாகச் செய்முறை. ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் ஒரு புள்ளியை நகர்த்தினால் வட்டமும் தொடுகோடும் கூடவே நகரும். அழகான வேலை. ஆனால் அந்தப் பெட்டி வந்ததும் வகுப்பில் எழும் முதல் கேள்வி, “சார், இது பப்ளிக்ல வருமா?” வராது. பக்கம் புரட்டப்படும். ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரையும் தேர்ச்சி விகிதத்தை வைத்துத்தான் அளக்கிறார்கள்.

இணையப் பாதுகாப்பு பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் ஒரு பாடமாகவே இருக்கிறது. கணினிப் பாடம் எதையும் எடுக்காதவர்களுக்கு அது இல்லை. எடுத்தவர்களுக்கோ ‘ஃபிஷிங் என்றால் என்ன?’ என்பது (போலிச் செய்தியோ பக்கமோ காட்டிக் கடவுச்சொல் போன்றவற்றைக் கறப்பதுதான் ஃபிஷிங்) மதிப்பெண்ணுக்கான ஒரு வினா. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. தேர்வு எதற்கு எடை கொடுக்கிறதோ பிள்ளைகள் அதைத்தானே சுமப்பார்கள்? பக்கத்துக் கேரளத்தில் தேர்வை ஒழிக்கவில்லை, அதன் இடத்தை மாற்றினார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தகவல் தொழில்நுட்பத்துக்கும் தேர்வு உண்டு. மாணவர்கள் கணினி முன்னால் உட்கார்ந்துதான் எழுதுகிறார்கள்.

சரி, மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். நிரலை எழுதி முடித்தான்; சின்னப் பிழைகூட இல்லை. ஃபிஷிங் பற்றிக் கேட்டேன், புத்தகத்து வரியை அப்படியே ஒப்பித்தான். அப்புறம் செல்பேசியை எடுத்து மாதிரி வினாத்தாள் செயலி ஒன்றை நிறுவினான். திரையில் ஏதோ கேட்டது. பெருவிரல் தானாகப் போய் அழுத்தியது. மறுபடி கேட்டது, மறுபடி அழுத்தினான்.

“என்னடா கேட்டுச்சு அது?”

“தெரியல மாமா. ஓகே குடுத்தாத்தான் திறக்கும்.”