உருதுவின் 'ஸே' ஆங்கிலத்தில் இடறும் இடம்

லாகூரிலோ லக்னோவிலோ உருது பேசி வளர்ந்த ஒருவர் "ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்" என்று சொல்வதைக் கேட்கலாம். 'சின்ஸ்' என்ற இடத்தில் 'ஃபார்' வர வேண்டும். நன்கு படித்தவர்களும் இப்படிச் சொல்வதுண்டு. இது கவனக்குறைவு அல்ல. உருது இலக்கணத்தை அவர்கள் ஒழுங்காகப் பின்பற்றுவதால்தான் இந்தப் பிழை வருகிறது.

உருதுவில் 'ஸே' பல வேலை பார்க்கும் உருபு. 'லாஹோர் ஸே' என்றால் லாகூரிலிருந்து. 'கலம் ஸே' என்றால் பேனாவால். 'முஜ் ஸே படா' என்றால் என்னைவிடப் பெரியவர். காலத்துக்கும் அதுதான்: இரண்டு ஆண்டுகளாக என்பதற்கு 'தோ ஸால் ஸே', 2020 முதல் என்பதற்கு '2020 ஸே'. கால அளவையும் தொடக்கப் புள்ளியையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை. ஆங்கிலம் பிரிக்கிறது, அளவுக்கு 'ஃபார்', புள்ளிக்கு 'சின்ஸ்'. அகராதி 'சின்ஸ்' என்பதற்கு 'ஸே' என்று மட்டும் பொருள் தந்தால் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடும்.

'சின்ஸ்' பழைய ஆங்கிலத்தில் 'அதற்குப் பிறகு' என்று பொருள்பட்ட சொல்லிலிருந்து வந்தது. 'அது' எது என்று சுட்டிக்காட்ட முடிய வேண்டும். 2020, காலை, ஞாயிறு, திருமணம் எல்லாவற்றையும் சுட்டலாம். இரண்டு ஆண்டு என்பது வெறும் அளவு.

சந்தேகம் வந்தால் உருதுவிலேயே சோதித்துக்கொள்ளலாம். 'ஸே'யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'பெஹ்லே' போட வேண்டும். 'தோ ஸால் பெஹ்லே', அதாவது இரண்டு ஆண்டுகளுக்கு முன், சரியாக நிற்கிறது, எனவே 'ஃபார்'. 'பச்பன் பெஹ்லே', 'ஸுபஹ் பெஹ்லே' நிற்காது. எனவே 'சின்ஸ் சைல்ட்ஹுட்', 'சின்ஸ் மார்னிங்'. 'காஃபி தேர் பெஹ்லே' நிற்கும். அதனால்தான் 'சின்ஸ் லாங்' தவறு, 'ஃபார் எ லாங் டைம்' சரி. சோதனை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு: 'பிச்லே தோ ஸால் ஸே', கடந்த இரண்டு ஆண்டுகளாக. இதில் 'பிச்லே'யை நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். விடை 'ஃபார் த லாஸ்ட் டூ இயர்ஸ்'.

உருபைச் சரிசெய்தாலும் பாதி வேலை மீதி இருக்கும். 'ரெஹ் ரஹா ஹூன்', அதாவது வசித்துக்கொண்டிருக்கிறேன், என்பது நிகழ்காலம். ஆங்கிலமோ முன்பு தொடங்கி இன்றும் தொடர்வதற்கு 'ஹாவ் பீன் லிவிங்' என்ற வடிவத்தைக் கேட்கும். எதிர்மறையில் சிக்கல் குறைவு. 'தோ ஸால் ஸே நஹீன் தேகா', அதாவது இரண்டு ஆண்டுகளாகப் பார்க்கவில்லை, என்று உருதுவே முடிந்த வினையைப் பயன்படுத்துவதால் 'ஹாவன்ட் சீன்' எளிதாக வாயில் வரும்.

தமிழரின் நிலை இங்கே சுவையானது. 'இரண்டு வருஷமாக', '2020-லிருந்து' என்று அளவையும் புள்ளியையும் நாமும் ஆங்கிலத்தைப் போலப் பிரிக்கிறோம். வினையை மட்டும் உருதுவைப் போல 'இருக்கிறேன்' என்று நிகழ்காலத்தில் வைக்கிறோம். ஜெர்மன் மொழியின் 'ஸைட்' என்ற சொல்லோ 'ஸே' போலவே இரண்டுக்கும் பொது.

'சின்ஸ்' காரணத்தையும் சொல்லும். அப்போது உருதுவில் நிகரான சொல் 'சூங்கே'. அது பெரும்பாலும் 'இஸ் லியே', அதாவது ஆகவே, என்ற ஜோடியோடு வரும். அந்தப் பழக்கத்தில் "சின்ஸ் இட் வாஸ் ரெய்னிங், தேர்ஃபோர் ஐ டிட் நாட் கம்" என்று எழுதிவிடுவார்கள். ஆங்கிலத்தில் இரண்டில் ஒன்று போதும். 'தேர்ஃபோர்' என்பதை அடித்துவிட்டால் வாக்கியம் சரியாகிவிடும்.