ஒரு ரேக்குக்கு 13 கிரவுண்டு

சர்வருங்க அடுக்கி ஓடுற டேட்டா சென்டர் மொட்டை மாடி பூரா சோலார் பேனல் போட்ட போட்டோவ பாத்தா, இவங்களுக்கு கரண்ட் பில்லே வராது போலன்னு தோணும். வரும், நல்லாவே வரும்.

கணக்கு போட்டு பாத்துடலாம். உச்சி வெயில்ல ஒரு சதுர மீட்டர்ல விழுறது சுமார் 1000 வாட், நல்ல பேனல் அதுல 20 சதவீதத்த கரண்டா மாத்தும், அதாவது 200 வாட். வெயில் ஊர்ல ஒரு நாள் மொத்த வெளிச்சமும் அஞ்சு மணி நேர உச்சி வெயிலுக்கு சமம்னு வெச்சுக்கிட்டா சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 1 யூனிட், அதாவது 1000 வாட் ஒரு மணி நேரம். இந்தப் பக்கம் என்விடியாவோட 72 ஜிபியு (ஏஐ சிப்பு) அடுக்குன ரேக் ஒன்னே சுமார் 120 கிலோவாட் இழுக்குது, ராத்திரி பகல் நிக்காம ஓடுனா தினம் 2880 யூனிட். அப்போ 2880 சதுர மீட்டர் பேனல், நம்ம ஊர் கணக்குல ஏறக்குறைய 13 கிரவுண்டு (ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி)! பீரோ சைஸ் பொட்டி ஒன்னுக்கு. கூலிங்க இன்னும் சேக்கவே இல்ல.

அதான் மாடிய விட்டுட்டு பக்கத்துல நிலம் தேடுறாங்க. அமெரிக்காவுல நார்த் கரோலினா மெய்டன்ல ஆப்பிள் டேட்டா சென்டர் பக்கத்துலயே 2012-ல 100 ஏக்கர்ல 20 மெகாவாட் சோலார் போட்டாங்க. வருஷத்துக்கு 4.2 கோடி யூனிட் வரும்னு ஆப்பிளே சொன்ன கணக்கு, அத 8760 மணி நேரத்தால வகுத்தா சராசரியா 4.8 மெகாவாட்தான் நிக்குது. யாரும் ஏமாத்தல, 20-ங்கறது உச்சி வெயில் நம்பர், ராத்திரி, மேகம், சாயங்கால சாய்வு வெயில் எல்லாம் சேந்தா கால்வாசிதான் தேறும். சோலார் செய்தி எதப் படிச்சாலும் மெகாவாட்ட நாலால வகுத்துட்டு படிங்க.

அந்த கரண்டும் நேரா சர்வருக்கு போகல, அந்த ஊர் கரண்ட் கம்பெனி ட்யூக் எனர்ஜியோட கிரிட்டுக்கு, அதாவது பொது கரண்ட் லைனுக்கு போகுது. அதுதான் புத்திசாலித்தனம்னு நான் சொல்வேன், ஏன்னா ஒரு மேகம் குறுக்க வந்தா கொஞ்ச நேரத்துல உற்பத்தி பாதியா விழும், ஒரு கட்டிடத்தால தாங்க முடியாதத கிரிட் தாங்கும். உள்ள யுபிஎஸ் பேட்டரி இருக்கேன்னு கேக்கலாம், அது டீசல் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகுற வரைக்கும் சில நிமிஷம் இழுத்துப் பிடிக்க மட்டும்தான், ராத்திரி பூரா ஓட்டுறதுக்கு இல்ல.

எனக்கு சிரிப்பு வர்ற இடம் ஒன்னு இருக்கு. பேனல்ல வர்றது டிசி (ஒரே திசைல ஓடுற) கரண்ட், இன்வெர்ட்டர் அத ஏசி (திசை மாறி மாறி ஓடுற) கரண்ட் ஆக்கும், யுபிஎஸ் திரும்ப டிசி ஆக்கி மறுபடி ஏசி ஆக்கும், சர்வர் பவர் சப்ளை அத மறுபடி டிசி ஆக்கி கடைசில சிப்புக்கு ஒரு வோல்ட் பக்கம் குடுக்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சூடா வீணாப் போகும், அந்த சூட்ட வெளிய தள்ள இன்னொரு கரண்ட்!

சோலார் நெஜமாவே கை குடுக்குறது அந்த கூலிங்குக்குத்தான், சில்லர்ங்கற கூலிங் மெஷின் ரொம்ப மூச்சு வாங்குறது மத்தியானம், பேனலும் நல்லா உழைக்கிறது அப்பதான்.