சூரியச் சூடு எட்டாத இடத்தில் ஒரு கடல்

பூமிக்கு வெளியே தண்ணீர் என்றதும் எல்லாரும் செவ்வாயைத்தான் பார்ப்பார்கள். அங்கே பனிக்கட்டி இருக்கிறது, சரி. ஆனால் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை, அதனால் பனிக்கட்டி சூடானால் உருகி ஓடுவதற்குப் பதில் பெரும்பாலும் நேரே ஆவியாகிவிடும். என்னைக் கேட்டால் இன்னும் வெகுதூரம் தள்ளி, சனியைச் சுற்றும் என்செலாடஸ் என்ற குட்டி நிலாவைப் பார்க்கச் சொல்வேன்.

அதன் விட்டம் சுமார் 500 கி.மீ.தான். மேற்பரப்பில் ஏறக்குறைய மைனஸ் 200 டிகிரி செல்சியஸ் குளிர். இவ்வளவு சின்ன உருண்டை எப்போதோ அடிவரை உறைந்து போயிருக்க வேண்டும். ஆனால் 2005இல் காசினி விண்கலம் நெருங்கிப் போனபோது, தென்துருவத்து விரிசல்களிலிருந்து நீராவியும் பனித்துகளும் விண்வெளிக்குள் பீறிட்டுக்கொண்டிருந்தன. பனி ஓட்டுக்கு அடியில், நிலா முழுவதும் பரவிய உப்புக் கடலே இருக்கிறது என்பது பிறகு தெரிந்தது.

அந்தக் கடலை உறையவிடாத சூடு எங்கிருந்து வருகிறது? ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வேகமாக வளைத்துவிட்டு வளைந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். இங்கேயும் அதே கதைதான். என்செலாடஸ் சுமார் 33 மணி நேரத்துக்கு ஒருமுறை சனியைச் சுற்றுகிறது, அந்தப் பாதை சற்றே நீள்வட்டம் என்பதால் கிட்டே வரும்போது சனியின் ஈர்ப்பு அதை இழுத்து நீட்டுகிறது, தள்ளிப் போகும்போது பிடி தளர்கிறது. நிற்காமல் நடக்கும் இந்தப் பிசைதலில் உள்ளே உராய்வு, உராய்வால் வெப்பம். இப்படியே விட்டால் பாதை மெல்ல வட்டமாகி எல்லாம் அடங்கிவிடும்தான், ஆனால் டையோனி என்ற இன்னொரு நிலா ஒரு சுற்று முடிப்பதற்குள் என்செலாடஸ் இரண்டு சுற்று முடிக்கிறது, அந்தத் தாளம் தவறாத இழுப்பு பாதையை வட்டமாக விடுவதில்லை.

இதில் பெரிய வசதி, துளை போடவே வேண்டாம், கடலே வெளியில் வந்து தெளிக்கிறது. காசினி அந்தத் தெளிப்புக்குள் புகுந்து போய் உப்பு, கார்பன் சேர்மங்கள், ஹைட்ரஜன் வாயு எல்லாவற்றையும் கண்டது. ஹைட்ரஜன்தான் இதில் முக்கியம். கடலடியில் வெந்நீரும் பாறையும் வினைபுரிந்தால் அது உண்டாகும், பூமியிலும் சூரிய ஒளியே படாத ஆழத்தில் ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து மீத்தேனாக்கி அந்த ஆற்றலிலேயே வாழும் நுண்ணுயிர்கள் உண்டு. அப்புறம் 2023இல், காசினியின் பழைய தரவுகளைத் துருவியவர்களுக்குப் பாஸ்பேட்டும் கிடைத்தது, டி.என்.ஏ.வுக்குத் தேவையான பாஸ்பரஸ் அதில்தான் இருக்கிறது.

அதற்காக உயிர் இருக்கிறது என்று துள்ளிவிட வேண்டாம். சாப்பாடு இருக்கிறது, சாப்பிட ஆள் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. மீத்தேனும் அங்கே இருக்கிறதே என்றால், உயிரே இல்லாமலும் மீத்தேன் உருவாகும். உயிரைத் தேடும் கருவி எதுவும் காசினியிடம் கிடையாது. எரிபொருள் தீரும் நிலையில், 2017 செப்டம்பர் 15 அன்று அதைச் சனிக்குள்ளேயே பாயவிட்டு அழித்தார்கள், பூமியிலிருந்து ஒட்டிக்கொண்டு போன கிருமி ஏதாவது அந்தக் கடலில் விழுந்துவிடக் கூடாதே என்று.