“டீ குடித்தேன்” என்பதற்குள் என்னவெல்லாம் இருக்கிறது?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி, இரத்தசோகைக்கு உணவு ஆலோசனை பெற என்னிடம் வந்தாள். எடை 48 கிலோ. நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் சோறும் அவரைக் குழம்பும், இரவு கொஞ்சம் ரசம் சோறு. கூட்டினால் ஏறத்தாழ 1,000 கலோரி. அந்த வயதில், அந்த எடையில், நாள் முழுவதும் படுத்தே கிடந்தாலும் உடலுக்கு 1,300 கலோரி செலவாகும். இவளோ தினமும் மேடேறிப் பள்ளிக்குப் போகிறவள், எடையும் குறையவில்லை. கணக்கு எங்கோ உதைத்தது. ஆனால் அவள் பொய் சொல்லவில்லை.

நம் பேச்சில் சாப்பாடு என்றால் சோறு, பலகாரம். டீயை யாரும் சாப்பிடுவதில்லை, குடிக்கிறோம். நீலகிரியில் டீ என்றால் கூடவே வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட்டும் வரும். அதுவும் “டீ குடித்தேன்” என்ற இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடும். நான் சாப்பிட்டதைக் கேட்டேன், அவள் சாப்பிட்டதைச் சொன்னாள். தவறு என் கேள்வியில்.

மறுபடி எழுந்ததிலிருந்து தொடங்கினேன். எழுந்ததும் என்ன, பஸ்ஸுக்கு நிற்கும்போது என்ன, இடைவேளையில் தோழி எதை நீட்டினாள்? நான்கு டீ வெளியே வந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் 40 கிராம், 160 கலோரி. பிறகு வர்க்கி, பாக்கெட் நொறுக்குத்தீனி, தோட்டத்தில் பிடுங்கிக் கழுவித் தின்ற கேரட். நான்கில் ஒரு டீ மதியச் சாப்பாடு முடிந்த கையோடு குடித்தது. அவரையிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ளவிடாமல் தேயிலையின் பாலிஃபீனால்கள் தடுக்கும். இரத்தசோகைக்காக வந்தவளிடம் நான் முதலில் கேட்டிருக்க வேண்டியதே பட்டியலில் இல்லை! (டீ நேரத்தை மாற்றினால் மாத்திரை வேண்டாம் என்று பொருளல்ல, மருத்துவர் தந்ததை அவள் விழுங்கியாக வேண்டும்.)

நேற்றைய உணவை நினைவுகூரச் சொல்லும் முறை கெட்டதல்ல. நிறையப் பேரிடம் கேட்டுச் சராசரி காண அது உதவும். ஆனால் ஒரு பிள்ளையின் ஒரு நாளை வைத்து அந்தப் பிள்ளைக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு செவ்வாய்க்கிழமை இருக்காது. விட்டுவிட்டு மூன்று நாட்களாவது, அதில் ஒன்று விடுமுறை நாளாகக் கேட்கிறேன்.

மாதத்துக்கு எத்தனை முறை கீரை என்று கேட்கும் வினாத்தாள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கீரை நல்லது என்று பாடப் புத்தகத்தில் படித்த பிள்ளை, எண்ணிக்கையைத் தாராளமாகவே போடுகிறது. தானே எழுதும் உணவுக் குறிப்பேடோ முதல் நாள் ஒரு பக்கம், மூன்றாம் நாள் இரண்டு வரி. எழுதச் சோம்பல்பட்டுத் தின்பதையே விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். செல்போனில் படம் எடுக்கச் சொன்னால் தட்டு தெரியும். எண்ணெயும் சர்க்கரையும் தெரியாது.

உண்மையான செலவை அறிய ஒரு வழி உண்டு. ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டின் கனமான வடிவங்களும் கொண்ட தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, அவை வெளியேறும் வேகத்தைச் சிறுநீரில் அளப்பார்கள். ஆக்சிஜன் கரியமில வாயுவாகவும் வெளியேறுவதால் சற்று முந்தும். அந்த வித்தியாசத்திலிருந்து உடல் எரித்த சக்தியைக் கணக்கிடலாம். மனிதரிடம் 1980களில் பயன்பாட்டுக்கு வந்த இம்முறையோடு ஒப்பிட்டபோதுதான், வளரிளம் பருவத்தினர் உண்பதைக் குறைத்துச் சொல்வதும், பருமனானவர்கள் இன்னும் குறைத்துச் சொல்வதும் தெளிவாயிற்று. செலவு மிகுந்த சோதனை. என் அறைக்கு வராது. எவ்வளவு எரிந்தது என்று சொல்லுமே தவிர, வர்க்கியா வாழைப்பழமா என்று அதற்கும் தெரியாது.

அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டே இப்போது கேட்கிறேன். “இதையெல்லாமா தின்கிறாய்?” என்று ஒரு முறை அதட்டல் விழுந்தால், அடுத்த மாதப் பதில்கள் எல்லாம் பாடப் புத்தகத்திலிருந்தே வரும்.

இரண்டாம் முறை வரும்போது வீட்டு டம்ளரைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். தண்ணீர் ஊற்றி அளந்தேன்: 220 மில்லி. என் தாளில் ஒரு டீ 120 என்று எழுதியிருந்தது. “கரண்டியையும் கொண்டுவரவா?” என்று கேட்டாள்.