முத்தோரைச் சரிவும் மூன்று விடைகளும்

ஊட்டிக்குப் பக்கத்து முத்தோரையில் மலைச்சரிவோடு சரிவாகப் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கியின் நீளம் 530 மீட்டர். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970-ல் வேலை செய்யத் தொடங்கியது. சமதளம் கிடைக்காததால் அங்கே கட்டவில்லை. அந்தச் சரிவைத் தேடித்தான் மலையேறி வந்தார்கள். ஊட்டியின் அட்சரேகை ஏறத்தாழ 11 டிகிரி. வடக்கு நோக்கி ஏறும் அந்தச் சரிவும் ஏறத்தாழ 11 டிகிரி. அதனால் தொலைநோக்கி பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்துக்கொண்டு, ஒரே அச்சில் திரும்பியபடி, வானத்தில் ஒன்றை ஒன்பதரை மணி நேரம் வரை விடாமல் பின்தொடர்கிறது.

என்னிடம் டியூஷன் வரும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு முக்கோணவியலை இங்கிருந்துதான் தொடங்குவேன். வடக்கு முனை தெற்கு முனையைவிட எத்தனை மீட்டர் உயரம்? சைன் என்பது உயரத்தைச் சாய்ந்த நீளத்தால் வகுத்தது, அதனால் 530 × சைன் 11. போன வருஷம் ஒரே பெஞ்சில் மூன்று விடை வந்தது. ஒருத்தி 101.13 என்றாள். பக்கத்திலிருந்தவன், "சார், எனக்கு மைனஸ் 529.99 வருது" என்று எழுந்தான். ஒரே சிரிப்பு. மூன்றாவது பையன் வாயைத் திறக்கவில்லை. அவன் நோட்டில் 91.12 என்று இருந்தது.

மைனஸ் வந்தவனின் கால்குலேட்டர், டிகிரிக்குப் பதில் ரேடியன் என்ற இன்னொரு கோண அலகில் இருந்தது. 11 ரேடியன் என்றால் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் சுற்று. கிடையாக வைத்த அம்பை அத்தனை சுற்றினால் அது நேர் கீழே பார்க்கும். அவன் கணக்கில் தொலைநோக்கி பாதாளத்துக்குள் தலைகீழாகத் தொங்குகிறது. அது தப்பு என்று யாருக்கும் தெரிந்துவிடும். எனக்குப் பயம் மூன்றாமவனைப் பற்றித்தான். அவன் கருவி 'ஜி' என்ற கிரேடு முறையில் இருந்தது. அதில் செங்கோணம் 90 அல்ல, 100 பாகம். 91 மீட்டர் என்பது நம்பும்படியான பொய்.

அந்தப் பையனின் அப்பா அடுத்த வாரமே வந்துவிட்டார். "விலை பரவாயில்ல சார், நல்ல கால்குலேட்டரா ஒண்ணு சொல்லுங்க." விலை கூடினால் சைன் இன்னும் சரியாக வருமா? இதற்குப் பதில் சொல்ல, கருவிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கால்குலேட்டருக்குள் சைன் அட்டவணை எதுவும் இல்லை. 1972-ல் எச்பி-35 என்ற கையடக்க சயின்டிஃபிக் கால்குலேட்டர் 395 டாலருக்கு வந்தது. அதன் மொத்த நிரலே 768 கட்டளைகள்தான். அத்தனை சின்ன இடத்தில் சைனை அடைக்க ஒரு சில்லறை வித்தை கைகொடுத்தது. விமானங்களின் வழிகாட்டும் கருவிக்காக ஜாக் வோல்டர் உருவாக்கி 1959-ல் வெளியிட்ட முறையின் நெருங்கிய சொந்தம் அது.

கடைக்காரர் சில்லறை எண்ணுவதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் உள்ள காசுகள்: 45, 5.7106, 0.5729, 0.0573, 0.00573 டிகிரி. விசித்திரமான காசுகள்தான், ஆனால் இவற்றின் டேன் மதிப்பு (குத்து அளவைக் கிடை அளவால் வகுத்தது) 1, 0.1, 0.01 என்று பத்துப் பத்தாகக் குறைகிறது. இப்போது 11 டிகிரிக்குச் சில்லறை கொடுங்கள். 45 வேண்டாம். 5.7106 ஒன்று. மீதி 5.2894-க்கு 0.5729 ஒன்பது. அப்புறம் 0.0573 இரண்டு, 0.00573 மூன்று. மீதி 0.0012 டிகிரிகூட இல்லை. இன்னும் சின்னக் காசுகளுக்குப் போனால் அதுவும் கரைந்துவிடும்.

கிடைமட்டமாக ஒரு கோடு வைத்து, ஒவ்வொரு காசுக்கும் அந்த அளவு திருப்ப வேண்டும். 5.7106 டிகிரி திருப்ப, கிடை அளவிலிருந்து குத்து அளவின் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, குத்து அளவோடு பழைய கிடை அளவின் பத்தில் ஒரு பங்கைக் கூட்டினால் போதும். பத்தால் வகுப்பது புள்ளியை ஓர் இடம் நகர்த்துவதுதானே! கூட்டல், கழித்தல், நகர்த்தல், அவ்வளவுதான். ஒவ்வொரு திருப்பத்திலும் கோடு கொஞ்சம் நீளும், அதனால் பாதகமில்லை. கடைசியில் குத்தைக் கிடையால் வகுத்தால் நீளம் அடிபட்டு டேன் கிடைக்கும், அதிலிருந்து சைன்.

ஆக, இன்று கடையில் கிடைக்கும் மலிவான சயின்டிஃபிக் கால்குலேட்டரும் திரையில் காட்டும் பத்து இலக்கத்துக்கு ஒழுங்காகவே சைன் சொல்லும். கூடுதல் பணம் வாங்கித் தருவது வேறு. கேசியோ எஃப்எக்ஸ்-82எம்எஸ் பள்ளிக்குப் போதும். 991 வரிசையில் மேட்ரிக்ஸ், சமன்பாடு தீர்ப்பது எல்லாம் உண்டு. பொறியியல் போகிற பிள்ளைக்கு அது நாலு வருஷம் உழைக்கும். அதிலும் இஎஸ் வகை, பின்னத்தைப் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் மேலும் கீழுமாகக் காட்டும். அடைப்புக்குறி போட மறக்கிற பிள்ளைக்கு இது பெரிய உதவி, என் மகளுக்கு அதைத்தான் வாங்கினேன்.

கிராஃப் வரையும் கருவி, ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும். அங்கே அது இல்லாமல் சில தாள்களை எழுதவே முடியாது. மற்றவர்களுக்கு அது வீண் செலவு. சிபிஎஸ்இ கணிதத் தேர்விலும் ஜேஇஇ, நீட்டிலும் எந்தக் கால்குலேட்டரையும் உள்ளே விட மாட்டார்கள் என்பதையும் அந்த அப்பாவிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது.

பையனின் பழைய கருவியை வாங்கி ஷிஃப்ட், சிஎல்ஆர், 3, ஈக்வல் என்று வரிசையாக அழுத்தினேன். திரையில் சின்னதாக, டிகிரியைக் குறிக்கும் 'டி' வந்தது. மறுபடி தட்டச் சொன்னேன்: 101.13.

வாங்கத்தான் வேண்டும் என்றால் சோலாரும் பட்டன் பேட்டரியும் சேர்ந்ததாக வாங்குங்கள். நம்மூர் மூடுபனியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அந்தச் சின்னத் தகடு டியூப்லைட் வெளிச்சத்திலேயே வேலை செய்யும். குளிர்தான் கொஞ்சம் படுத்தும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே பயன்படுத்தும்படி இவை செய்யப்படவில்லை. உறைபனி விழும் ஜனவரிக் காலையில் திரையிலுள்ள திரவப் படிகம் கெட்டிப்பட்டு, எண்கள் சோம்பல் முறித்துக்கொண்டுதான் எழும். கணக்கு கெடாது, திரைதான் மெதுவாகும். ஸ்வெட்டர் பைக்குள் பத்து நிமிஷம் வைத்திருந்தால் சரியாகிவிடும்.